முகப்பில் நின்ற பியானோவும் பொன்மலை டியூனரும்

பழைய பியானோவை விற்று நாலு காசு பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு, பியானோவுக்குச் சுருதி சேர்த்து அதற்கு வேறு வீடும் தேடித் தருகிற இந்தப் பொன்மலை டியூனர் ஒத்துவர மாட்டார். காசு வராது, கையிலிருந்துதான் போகும். எனக்கு 21,300 ரூபாயும் நாலு மாதமும் ஒரு ஆத்தங்குடித் தரைக்கல்லும் போயின. அப்படியும் ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது போனை எடுக்காததற்கு.

பெயரைப் போடவில்லை. போடக் கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டார். "பேரைப் போட்டீங்கன்னா பீரோ தூக்குற ஆளுன்னு நினைச்சு எல்லாரும் கூப்பிடுவாங்க சார்" என்றார். திருச்சியில் ஏதாவது ஒரு தேவாலயத்துப் பாடகர் குழுவில் "பொன்மலை பியானோக்காரர்" என்று கேட்டால் எண் கிடைத்துவிடும். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது.

எங்கள் வீடு கண்டனூரில். 11 புள்ளிக்கு, அதாவது 11 குடும்பத்துக்கு, பங்குள்ள வீடு. கோலாலம்பூர், சென்னை, பெங்களூர், டல்லாஸ் என்று மற்றவர்கள் இருக்க, காரைக்குடியில் குடியிருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே ஓடு மாற்றுவது, வௌவால் விரட்டுவது, வீட்டு வரி கட்டுவது எல்லாம் என் தலையில். போன ஐப்பசி மழையில் முகப்பு ஒழுகியது. மேலே கை வைக்க வேண்டுமென்றால் கீழே ஒரு சாமான் இருக்கக் கூடாது என்றார் கொத்தனார். ஊஞ்சல், படங்கள், மர பீரோ எல்லாம் இரண்டாம் கட்டுக்குப் போயின. பியானோ மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

அந்தப் பியானோவை யாரும் ஆசைப்பட்டு வாங்கவில்லை. பினாங்கில் எங்கள் ஐயா, செட்டியார்கள் கடை வைத்துத் தங்கும் கிட்டங்கியில் இருந்து கொடுக்கல் வாங்கல் செய்த காலத்தில், 1930-க்குப் பிறகு ரப்பர் விலை சரிந்து கடன் வாங்கியவர்கள் கை விரித்தபோது, ஒருவர் பணத்துக்குப் பதிலாக வீட்டுச் சாமானைக் கொடுத்தாராம். பழைய ஐந்தொகைக் கணக்கு ஏட்டில் பெரியப்பச்சி மகன் ஒரு முறை தேடி எடுத்துக் காட்டினான்: வராக்கடன் பக்கத்தில் 'பியானாப் பெட்டி 1' என்று எழுதியிருக்கிறது. கப்பலில் நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து வீடு வந்து சேர்ந்தது. வராக்கடனைக் கப்பல் கூலி கொடுத்துக் கொண்டுவந்த ஒரே ஆள் எங்கள் ஐயாவாகத்தான் இருக்கும்.

வந்ததும் வாசிக்க ஆள் இல்லை. இது காரைக்குடிச் சீமை. இசை என்றால் வீணை. வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்த சுப்பராமையரும் அவர் தம்பி சாம்பசிவ ஐயரும் இந்த ஊர்ப் பெயரைச் சுமந்தவர்கள். வீணையில் மெட்டுக் கட்டையின் மேல் கம்பியை இழுத்தால் கமகம், அதாவது சுரத்தில் ஒரு அசைவு, வரும். பியானோவில் சுத்தியல் ஒரு அடி அடித்துவிட்டுத் திரும்பிவிடும், அதற்குப் பிறகு அந்தச் சுரத்தை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் சின்ன அத்தை மட்டும் காதில் விழுந்ததை ஒற்றை விரலில் தட்டிக்கொண்டிருப்பார். அவருக்குக் கல்யாணமான பிறகு மூடி திறக்கவே இல்லை. அதன் மேல் கல்யாணப் படங்கள் ஏறின. முன்னோர்களுக்குப் படையல் போடும் படைப்புக்குச் சனம் கூடினால் எவர்சில்வர் தட்டுகளை அடுக்குவதும் அதன் மேல்தான்.

டியூனரிடம் போவதற்கு முன்னால் நான் முட்டிய கதவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. ஒருவர் வந்து பார்த்தார். 6,000 ரூபாய் தருகிறேன், உள்ளே இருக்கும் இரும்பை எடைக்குப் போட்டுவிட்டு, மரத்தைப் பாட்டில் அடுக்கும் அலமாரியாக்கினால் பெங்களூரில் வாங்குவார்கள் என்றார். நியாயமான வியாபாரிதான், ஒளித்துப் பேசவில்லை. ஆனால் எனக்கு மனசு வரவில்லை. ஒரு பள்ளியில் கேட்டேன், "எங்ககிட்ட கீபோர்டு இருக்கு சார், தாளமும் அதுவே போட்டுக்கும்" என்றார்கள். பழைய சாமான் விற்கும் செயலி ஒன்றில் படம் போட்டேன். வந்த போன் எல்லாம் "கடைசி விலை என்ன?" அவ்வளவுதான். டல்லாஸ் தம்பி சொன்னான், அங்கே இலவசம் என்று எழுதி வாசலில் வைத்தாலும் எடுக்க ஆள் வருவதில்லையாம். 1909-ஆம் வருடம் மட்டும் அந்த நாட்டில் 3,60,000 பியானோவுக்கு மேல் விற்றிருக்கின்றன. அந்தப் பாட்டன் பாட்டி பியானோக்கள் இப்போது குப்பை மேட்டுக்குப் போகின்றன. நம் ஊரில் ஒன்று இரண்டுதான் இருக்கிறது, இதற்குமா இடமில்லை என்று எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது.

சரி, டியூனருக்கு வருவோம். அறுபத்தைந்து வயதிருக்கும். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1928-ல் அந்தப் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறியதிலிருந்து அங்கே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன, வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒரு பியானோ இருந்தது. ஒரு பழைய ரயில்வே கார்டிடம் சின்ன வயதிலேயே தொழில் கற்றுக்கொண்டாராம். அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியா, கனடா என்று கிளம்பியபோது, விட்டுப் போன பியானோக்களுக்கு வீடு தேடுவது இவர் வேலையாகிவிட்டது. இப்போது மகனும் கூட வருகிறார்.

போன் எடுக்க மாட்டார். பதினாலு முறை அடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவராகவே கூப்பிட்டார். ஹலோவுக்கு அடுத்து கேட்டது, "வெயில் படுமா, ஈரம் படுமா, செல்லரிப்பு இருக்கா?" என்ன கம்பெனி என்று கேட்கவில்லை. பார்த்துச் சொல்ல 2,500 ரூபாய், தேறாது என்றாலும் 2,500 ரூபாய் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

வந்த அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொடுத்த காசு அதற்குத்தான்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர் முதலில் பியானோவைத் தொடவே இல்லை. பின்பக்கம் குனிந்து மூக்கை வைத்தார். பிறகு மேல் மூடியைத் திறந்து, முன்பலகையைக் கழற்றி, கீழ்ப்பலகையையும் கழற்றிச் சுவரில் சாய்த்தார். தொண்ணூறு வருடமாக வீட்டில் இருக்கும் பொருளின் உள்பக்கத்தை நான் முதல் தடவை பார்க்கிறேன். சுமார் 220 கம்பிகள், அவற்றைத் தாங்கும் பொன் பூச்சு மங்கிய வார்ப்பிரும்புச் சட்டம். கம்பிகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 15 டன் வரை வரும் என்று சாதாரணமாகச் சொன்னார். அதன் மேல்தான் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தோம்.

டார்ச் அடித்து ஒரு பெயரைப் படித்துக் காட்டினார்: எஸ். மூட்ரி, ஷாங்காய். லண்டன் என்று எதிர்பார்த்திருந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. குளிர் நாட்டில் செய்தவை மெல்லிய மரத்தாளைப் பசையால் ஒட்டியவை, நம் வெக்கையிலும் ஈரத்திலும் பசை விட்டுவிடும். இது இந்தப் பக்கத்துச் சீதோஷ்ணத்துக்கென்றே செய்தது, முழுத் தேக்கு, மூட்டுக்கு மூட்டு பித்தளைத் திருகு. "இதைச் செஞ்சவன் மழையைப் பார்த்தவன் சார்" என்றார்.

அடுத்து வெள்ளைக் கட்டைகளை நகத்தால் வருடினார். வீட்டில் எல்லோரும் தந்தம் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தோம். தந்தமாக இருந்தால் கட்டையின் அகலமான முன்பகுதியும் கறுப்புக் கட்டைகளுக்கு இடையே ஓடும் ஒடுக்கமான பகுதியும் இரண்டு துண்டாக இருக்கும், நடுவே மயிரிழை போல ஒரு கோடு தெரியும். எங்களுடையதில் கோடு இல்லை. செல்லுலாய்டு. "நல்லவேளை. தந்தம்னா நான் கை வைக்க மாட்டேன்." தந்தத்தை விற்பதும் வாங்குவதும் 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் தடுத்திருக்கும் காரியம். பழையதுதானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. குடும்ப வாட்ஸ்அப்பில் இந்தச் செல்லுலாய்டுச் செய்தியைப் போட்டதும் அரை நாள் யாரும் பேசவில்லை.

கட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வரிசை கலையாமல் ஜமக்காளத்தில் வைத்தார். மொத்தம் 85, இப்போது வருபவற்றில் 88 இருக்குமாம். அடியில் ஒரு விரற்கடைத் தூசி. அதற்குள் மூன்று பல்லாங்குழிச் சோழி, ஒரு கொண்டை ஊசி, அந்துருண்டை கரைந்த வெள்ளைத் தடம், அப்புறம் ஒரு சதுரக் காசு. துடைத்துப் பார்த்தால் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் ஒரு சென்ட், 1920. கப்பலேறும் முன்பே உள்ளே விழுந்திருக்க வேண்டும். காசை என் கையில் கொடுத்துவிட்டு, எலி கடித்த கம்பளித் துணுக்கு ஒன்றை அவர் எடுத்து வைத்துக்கொண்டார், அதே கனத்தில் வாங்குவதற்காக.

கடைசியாகத்தான் முக்கியமான பரிசோதனை. கம்பி சுற்றியிருக்கும் சுருதி ஆணிகளில் சாவியை மாட்டி இலேசாகத் திருப்பினார். ஆணி அசைந்து கொடுக்காமல் விறைப்பாக நிற்க வேண்டும், தொளதொளத்தால் அதைப் பிடித்திருக்கும் பலகை போய்விட்டது என்று அர்த்தம். அங்கே இங்கே முப்பது ஆணி பார்த்திருப்பார். பிறகு உட்கார்ந்து ஒரே ஒரு சுரம் வாசித்தார். சுருதி முழுசாக அரைக் கட்டை இறங்கியிருந்தது. நாம் 'ஒரு கட்டை, இரண்டு கட்டை' என்று சுருதியைச் சொல்வதே ஆர்மோனியக் கட்டையை வைத்துத்தான். ஒரு கட்டை என்று இதில் தட்டினால் கீழ் ஏழு கட்டை பேசியது. நடு 'ஏ' சுரம் நொடிக்கு 440 அதிர்வு என்று 1939-ல் லண்டனில் கூடி முடிவு செய்த கணக்குக்கு ஒரே நாளில் ஏற்றினால் துருப்பிடித்த கம்பிகள் அறுந்துவிடும், மூன்று தவணையாக ஏற்ற வேண்டும் என்றார்.

"உயிர் இருக்கு சார்."

இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். 2,500 ரூபாய்க்கு இவ்வளவு நேரம் என்னை எந்த டாக்டரும் பார்த்ததில்லை.

அவர் வந்த செய்தி தெருவில் பரவி, எதிர் வரிசைப் பங்காளி வீட்டு ஆச்சி ஆள் அனுப்பிவிட்டார். அவர்கள் பியானோவைப் பார்த்தால் எங்களுடையது சமையற்கட்டு அலமாரி மாதிரி இருக்கும். லண்டன் பெயர் பொன்னெழுத்தில், மெழுகுவத்தி வைக்கப் பித்தளைக் கைகள், பாலிஷ் போட்டு முகம் பார்க்கலாம். டியூனர் கீழ்ப்பலகையைக் கழற்றினார். பொலபொலவென்று மண் கொட்டியது. கரையான் புற்று உள்ளேயே கட்டி, காலியும் செய்துவிட்டுப் போயிருந்தது. பாலிஷ் மட்டும்தான் மரமாக நின்றுகொண்டிருந்தது. ஆணியைத் திருப்பினார், கையோடு வந்தது.

"என்ன சொல்றீக?" என்றார் ஆச்சி.

"ஆச்சி, இது பீரோ."

அவ்வளவுதான் சொன்னார். ஆச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு வார்த்தை பக்குவமாகச் சொல்லியிருக்கலாம், இந்த மனிதரிடம் அது கிடையாது. நட்சத்திரம் குறைக்க இதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே அவர் 2,500 வாங்கவில்லை. ஆச்சி நீட்டினார், "இதுக்கு வேணாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

இதற்குப் பிறகு நாலு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மாதம் என் பக்கத்துத் தாமதம்: 11 புள்ளியும் சம்மதிக்க வேண்டும். தொண்ணூறு வருடமாக ஒருவர்கூடக் கேட்காத பொருளைக் கொடுக்கலாமா என்றதும் எல்லோருக்கும் அதன் மேல் பாசம் பொங்கிவிட்டது. கோலாலம்பூர் அண்ணன் "ஐயா ஞாபகமா இருக்கட்டும்" என்றார். சரிண்ணே, அங்கே அனுப்பி வைக்கவா என்று கேட்டேன். மறுநாள் காலையில் கட்டைவிரல் படம் வந்தது.

மீதி மூன்று மாதம் அவர் எடுத்துக்கொண்டது. தருகிறவரைக் கேட்டதைவிட வாங்குகிறவரைத்தான் அதிகம் குடைகிறார். தரைத்தளமா, யார் வாசிப்பது, ஏ.சி. காற்று நேரே படுமா, மேற்கு வெயில் விழும் சுவரா. இரண்டு பேரை அவரே தள்ளிவிட்டார். ஒருவர் ஓட்டல் வரவேற்பறைக்குக் கேட்டாராம். கடைசியில் பொன்மலையிலேயே ஓர் ஆசிரியை. வீட்டில் ஒன்பது பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித்தருகிறார். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நிஜப் பியானோவின் கனம் விரலுக்குப் பழக வேண்டும், புதிது வாங்க வசதியில்லை. மூன்று வருடத்துக்குள் வேண்டாமென்றால் வெளியில் விற்கக் கூடாது, அவரிடமே சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்கிறார். முத்திரைத்தாள் இல்லை, கோடு போட்ட நோட்டுத்தாள்.

பெண் கொடுப்பது மாதிரியல்லவா விசாரிக்கிறார் என்றார் என் வீட்டு அம்மா. செலவும் பெண் வீட்டுக்காரர்கள் தலையில்தான் என்றேன். வண்டிக்கும் ஆளுக்கும் 14,000, கம்பளி மாற்றிச் சில்லறைப் பழுது பார்த்து முதல் தவணை சுருதி ஏற்ற 4,800. வாங்குகிறவர் மீதி இரண்டு தவணைச் சுருதிக்கு மட்டும் கொடுப்பார். இந்த ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறதா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை. ஆனால் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார், நடுவில் ஒரு ரூபாய் ஏற்றவில்லை.

தூக்கிய அன்று நாலு ஆள், அவர் மகன், ஒரு குட்டி யானை. நிமிர்ந்து நிற்கும் வகைப் பியானோதான், ஆனால் 230 கிலோ. அடியிலிருக்கும் சக்கரம் அழகுக்குத்தான், அதில் உருட்டினால் கால் உடையும், தரையும் உடையும் என்று முதலிலேயே எச்சரித்தார். பலகை போட்டு, மேலே சாக்கு விரித்து, பெல்ட் கட்டி அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்கள். நிலைவாசலில் இரண்டு பக்கமும் அரை விரல் இடம்தான். எங்கள் நிலையில் கஜலட்சுமி உட்கார்ந்திருக்கிறாள், அவள் மூக்கில் பட்டுவிடுமோ என்று நான் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றேன். படவில்லை. பட்டது கடைசியில், திண்ணையை ஒட்டி. ஒரு ஆள் பலகையை முன்னாடியே உருவிவிட்டான், மூலை இறங்கி ஆத்தங்குடிக் கல் ஒன்று குறுக்கே விண்டுவிட்டது.

மகன் பூசி மெழுகவில்லை. "எங்க தப்பு சார்" என்று படம் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் ஆத்தங்குடிக்கே போய்ப் பழைய கல்லைக் காட்டிப் புதிதாகச் செய்யச் சொல்லி, அவர் செலவிலேயே கொண்டுவந்து கொடுத்தார். கண்ணாடி மேல் சாயம் ஊற்றிக் கையால் செய்வதுதான், ஆனால் அந்தக் காலத்துக் கறுப்புச் சிவப்பு அப்படியே வரவில்லை, கொஞ்சம் பளிச்சென்று நிற்கிறது. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தாண்டிப் போகிறார்கள்.

கொண்டுபோனதும் சுருதி ஏற்றவில்லை. புது வீட்டுக் காற்றுக்குப் பழக மூன்று வாரம் சும்மா விட்டார். அதற்குப் பிறகு நாற்பது நொடி வீடியோ ஒன்று அனுப்பினார். பத்து வயசுப் பெண் ஒருத்தி, இரட்டைச் சடை, கால் பெடலுக்கு எட்டாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாசிக்கிறாள். நடுவில் ஒரு கட்டை ஒட்டிக்கொள்கிறது, அதை விரலால் தூக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். சென்னையிலிருக்கும் சின்ன அத்தைக்கு 84 வயது, காது சரியாகக் கேட்காது. பேத்தி போனைக் காதோடு வைத்துப் போட்டுக் காட்டியதற்கு, "அந்தக் கட்டை அப்பவே ஒட்டும்" என்றாராம்.

கூப்பிட நினைப்பவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகையில் கூப்பிடாதீர்கள், மழையில் பியானோவை வெளியே எடுக்க மாட்டார். கிறிஸ்துமஸை ஒட்டி எல்லாத் தேவாலயத்துக்கும் சுருதி சேர்க்கப் போய்விடுவார், அப்போதும் கிடைக்க மாட்டார். கூப்பிடுவதற்கு முன் நீங்களே கீழ்ப்பலகையைக் கழற்றி ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். மண் கொட்டினால் 2,500 மிச்சம்.

எதிர் வீட்டு ஆச்சி போன வாரம் கோயிலில் பார்த்தபோது, வேற யாராச்சும் நல்ல டியூனர் நம்பர் இருக்கா என்று கேட்டார். பாலிஷ்காரரை மறுபடி வரச் சொல்லியிருக்கிறாராம்.